இன்ஸ்பெக்டர் அம்மாவின் மீசை

மார்ச் 4, சனி

டைரக்டர் போன் செய்தான். இப்போது அவன் பல் டாக்டர், நான் லிஃப்ட் மெக்கானிக். ஆனாலும் எனக்கு அவன் டைரக்டர், அவனுக்கு நான் கேமரா. பதினொரு வயதில் அவன் அப்பாவின் வீடியோ கேமராவில் 'திருடனுக்கு வயிற்றுவலி' என்று ஒரு சிரிப்புப் படம் எடுத்தோம். திருடன் அவனே. இன்ஸ்பெக்டருக்கு ஆள் கிடைக்காமல், அவன் அம்மாவுக்கே மீசை ஒட்டி நிறுத்தினோம்.

"அந்த கேசட் உங்கிட்டதானே இருக்கு? வர்ற சனிக்கிழமை வர்றேன். அம்மா குரல் வேற எதுலயும் இல்லடா. என் பொண்ணு கேட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

"இருக்குடா" என்றேன்.

கேசட் இருக்கிறது. அம்மாதான் அதில் இல்லை.

மார்ச் 5

எழுதித் தொலைக்கிறேன்.

எங்களுக்கு எடிட்டிங் ஏது? காட்சி சரியில்லை என்றால் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அதன் மேலேயே மறுபடி எடுப்போம். படம் முழுக்க நான் கேமராவுக்குப் பின்னால்தான். ஒரு நாள் அவன் கடைக்குப் போன நேரத்தில், அவர்கள் வீட்டு முன்னறையில், கேமராவை மேசைமேல் வைத்து என்னை நானே எடுத்தேன். தலை சீவி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கதாநாயகன் வசனம். முந்தின நாள் எடுத்ததைப் போட்டுப் பார்க்கப் பின்னால் ஓட்டியிருந்தோம். முன்னால் ஓட்ட மறந்துவிட்டேன்.

அம்மா வரும் காட்சி மொத்தமே ஒன்றரை நிமிடம். என் நடிப்பு இரண்டு நிமிடம்.

அன்று மாலையே போட்டுப் பார்த்தேன். மீசை இருக்க வேண்டிய இடத்தில் என் மூஞ்சி. பயந்து அணைத்தேன். பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த மாதம் அம்மா படுத்தார், அப்புறம் எழவே இல்லை. படமும் அதோடு நின்றது. முப்பத்தொரு வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 6

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "பூசணம் புடிச்சிருக்கு சார். சுத்தம் பண்ணிப் பாக்கறேன். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்."

அந்த நொடியில் எனக்குள் ஒரு குஷி வந்ததே — என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடனே அவனுக்குப் போன். "பூசணம்டா. ஒண்ணும் மிஞ்சாதாம்."

"சரி விடு. உன் தப்பா என்ன?" என்றான்.

என் தப்பா என்ன!

மார்ச் 7

ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவைப் பூட்டாமல் இறங்கிவிட்டேன். உள்ளே லிஃப்ட் இல்லை, வெறும் பள்ளம். சூப்பர்வைசர் பார்த்ததால் தப்பித்தேன். யாராவது காலை வைத்திருந்தால்?

"பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களே" என்றாள் மனைவி. எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்றீங்க? அவர்கிட்டச் சொல்லுங்க."

மார்ச் 8

சொல்லிவிட்டேன். பூசணத்தின்மேல் பழி போட்டதையும் சேர்த்து.

"அம்மா மேல எதடா எடுத்தே?"

"என்னையேதான்."

போனை வைத்துவிட்டான்.

மார்ச் 9

போன் வரவில்லை.

மார்ச் 10

கேசட் முக்கால்வாசி தேறிவிட்டதாம். அவனுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

மார்ச் 11, சனி

வந்தான். தனியாக. கேமரா என்று கூப்பிடவில்லை. என் பெயரைச் சொல்லி, "போடு" என்றான். இத்தனை வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சுருக்கென்றது.

திருடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அப்புறம் நான். "என் பேரைக் கேட்டாலே புலி பல் தேய்க்காது!" — இந்தக் கண்றாவிக்காகவா அம்மாவை அழித்தேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

திரையில் காலடிச் சத்தம். பதறிப்போய் பட்டனை அமுக்குகிறேன். சரியாக அமுங்கவில்லை போல. படம் சாய்ந்து தரையைக் காட்டுகிறது. மேசைக்கால், இரண்டு செருப்பு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னடா, தனியா நடிக்கிறே?"

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான் டைரக்டர்.

"எப்பப் பாரு நீயேதான் எல்லாரையும் படம் புடிக்கிறே. உன்னை யாருடா புடிக்கிறது? நில்லு, நான் புடிக்கிறேன்."

"வேணாம்மா, அவன் திட்டுவான்."

"அவன் கெடக்கான். நான் இன்ஸ்பெக்டர்டா, அவன உள்ள தள்ளிடறேன்." அம்மா சிரிக்கிறார். சிரித்து, இருமி, மறுபடி சிரிக்கிறார். "எந்தப் பட்டன்? இதுவா? காலரைத் தூக்கு. ரெடி!"

அமுக்குகிறார். படம் நின்றுவிட்டது. எடுக்கத் தொடங்குவதாக நினைத்து ஓடின கேமராவை நிறுத்திவிட்டார்.

இது எதுவுமே எனக்கு நினைவில் இல்லை. எப்படி மறந்தேன்?

அவன் நான்கு முறை போடச் சொன்னான். நான்காவது முறை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் போனை எடுத்து என் பக்கம் திருப்பினான்.

"நில்லுடா கேமரா. காலரைத் தூக்கு."

தூக்கினேன். வசனம்தான் வாயில் வரவில்லை.