நீ புள்ளி வைத்துத் தந்த பட்டியல்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் என் வீட்டுக்கு ஒரு கேக் வந்தது. கனடாவில் படிக்கும் மகள் அனுப்பியது. எனக்கு ஐம்பது வயதாம். என்னைத் தவிர எல்லோருக்கும் அது நினைவிருக்கிறது. கொண்டுவந்தவர் பெட்டியை என் கையில் தந்துவிட்டுக் கைபேசியில் ஒரு படம் எடுத்தார். நான் நூலை அவிழ்க்கும் முன்பே, "கேக் வடிவா இருக்கா அப்பா?" என்று மகளிடமிருந்து செய்தி வந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். பட்டர், வனிலா, கொஞ்சம் ஈரமான அட்டை. உன் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் எப்போதும் இருந்த வாசம்.

கத்தியோடு நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். "சீனி வருத்தத்துக்குப் பயமா?" என்று மனைவி கேட்டாள். ஓம் என்றேன். பொய். பொய் சொல்வதில் எனக்குள்ள கைப்பழக்கம் உனக்குத் தெரியாததல்ல. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

சண்டை கொஞ்சம் நின்று, சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் ஆரையம்பதியில் எனக்கொரு தொலைபேசிக் கடை இருந்தது. நின்று பேச இரண்டு கூண்டு, ஒரு கம்பியூட்டர், சுற்றுவதா விடுவதா என்று யோசிக்கிற ஒரு மின்விசிறி. காத்தான்குடியில் உனக்கு பேக்கரி. இரண்டுக்கும் இடையில் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். ஆனால் என் தமிழ் ஊரும் உன் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று பற்றிச் சொல்லும் கதைகளைக் கணக்கிலெடுத்தால் அது வேறு கண்டம். நீ அதையெல்லாம் காதில் போடாமல் கட்டாரிலிருந்து உன் மச்சினன் அனுப்பும் மின்னஞ்சலைப் பார்க்க வருவாய். உனக்கு முன்னால் நான் அதைப் படித்திருப்பேன். உன் வீட்டுச் சண்டைகள் உனக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

வெளிநாட்டுச் சனம் இணையத்தில் பட்டனை அமத்த, அவர்களுடைய அம்மா அப்பாவுக்கு இங்கே நாம் கேக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நான்தான் அளந்தேன். மட்டக்களப்பு டவுனில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்த திமிர். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கேட்டாய். அனுப்புகிறவருக்கு ஓர் அட்டவணை, வாங்குகிறவருக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். ஓடர் என்பது அந்த மூன்று இலக்கத்தையும் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு என்றேன். நீ தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாய்.

"அப்ப பேக்கரி ராக்கைதானேடா. பாண் ஒரு தட்டில, பணிஸ் ஒரு தட்டில. துண்டில தட்டு நம்பர் மட்டும் எழுதினாக் காணும்."

நான் ஆறு மாதம் படித்ததை நீ தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டாய். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

சூரிச்சில் ஒருவர் கேக்கைத் தெரிவார். அவருடைய கிரெடிட் காட்டை எங்கோ ஒரு வங்கி சரிபார்க்கும். ஓடர் நான் கண்டிராத ஒரு நாட்டுக் கம்பியூட்டரில் போய்க் குந்தும். என் தொலைபேசி இணைப்பு கழுத்து நெரித்த கோழி மாதிரிக் கத்திக் கத்தி அதை இறக்கும். நான் துண்டை அச்சடிப்பேன், நீ கேக்கில் பெயர் எழுதிக் கொண்டு ஓடுவாய். நம்முடைய சனத்தின் விலாசத்துக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இடமில்லை. 'களுதாவளை, பிள்ளையார் கோயிலுக்குக் கிழக்கே, நீலக் கேற், நாய் கடிக்காது' என்று எழுதுவதற்காகவே அந்தக் கட்டத்தை நீட்டி வைத்தேன்.

பிறகு நினைவூட்டல் ஒன்று செய்தேன். வாங்குகிறவரின் பிறந்தநாளுக்கு ஏழு நாள் முன்பு, அனுப்புகிறவருக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் போகும். வாசகம் நான் எழுதியது: 'இன்னும் ஏழு நாள்தான். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. கேக் எங்கே?' நீ வாசித்துச் சிரித்தாய். பிறகு, கொஞ்சம் மரியாதையாக எழுதச் சொன்னாய். சிரித்தால்தான் சனம் வாங்கும் என்று உனக்கே வகுப்பெடுத்தேன். வாங்கத்தான் செய்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு, அந்த மார்கழியில், கடல் ஊருக்குள் வந்தது.

இரண்டு கிழமை கழித்து நீ வந்து கரையோர விலாசங்களையெல்லாம் அச்சடித்துத் தரச் சொன்னாய். நாலு நாள், தெரு இருந்த இடத்தையெல்லாம் தெருவென்று நினைத்துக்கொண்டு உன் மோட்டார் சைக்கிளில் போனாய். திரும்பி வந்தபோது தாளில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி.

"புள்ளி வச்சவங்க மௌத்தாப் போயிட்டாங்க. இதைக் கம்பியூட்டர்ல ஏத்திப் போடு மச்சான். நாம சொல்லாட்டி அதுக்கெப்பிடித் தெரியும்?"

நான் தாளைப் பார்த்தேன். நாலாவது புள்ளி, நாய் கடிக்காத வீட்டு அம்மா. தாளை மடித்து மேசை லாச்சியில் வைத்தேன். நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நிவாரணம் கொடுக்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்கிற பெரிய மனிதனாக நான் தொப்பி போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். அதுவும் முழு உண்மையில்லை. ஜீப் இல்லாத நாட்களிலும் நான் அந்த லாச்சியைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயராகத் தேடி, 'இல்லை' என்று என் விரலால் அடிக்க எனக்குப் பயம். நீ நேரில் போய்ப் பார்த்தாய், எனக்கு அடிக்கக்கூட முடியவில்லை. நீ கேட்டபோது, "ஏத்திட்டன்" என்றேன். அன்று மாலையே செய்துவிட்டால் அது பொய்யாகாது என்று ஒரு சமாதானம். மாலைகள் எத்தனையோ போயின.

பங்குனியில் ஒருநாள் உன் கடையில் சீனிப் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. நீ எடுத்தாய். எதிர்ப்பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. உன் முகம்தான் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாய்: "தம்பி, பிழை என்னில. அம்மாட பேரைக் கம்பியூட்டருக்குக் குடுக்க வேண்டியவன் நான்தான். நான் குடுக்கல்ல."

சுவிஸில் இருந்த மகன். நாய் கடிக்காத வீட்டம்மாவின் மகன். நான் எழுதிய அந்த நினைவூட்டல் பகிடி அவனுக்குப் போயிருக்கிறது. தொலைபேசியை வைத்துவிட்டு, அவன் கேட்டதை நீ எனக்குச் சொன்னாய். அவன் ஏசவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம்.

"அம்மா எந்த வாசலப் பாத்துக்கொண்டு நிக்கிறா எண்டு கேக்கிறான் மச்சான்."

மிச்சப் பணிஸை வாய்க்குள் போட்டேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேர்வரில ஏதோ பிழை" என்றேன். தண்ணியில்லாமல் விழுங்கக்கூடியவன் நான். நீ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "கம்பியூட்டர் பொய் சொல்லுது எண்டு சனம் நினைச்சா உன்ட கடை முடிஞ்சிது. பேக்கரிக்காரன் மறந்திட்டான் எண்டா, நாளைக்கும் பாண் வாங்கத்தானே வருவான்."

உன் கணக்கு பிழைத்துவிட்டது மச்சான். நம்முடைய சனத்தின் தொலைபேசிக்கு எந்தச் சேர்வரும் ஈடில்லை. சுவிஸிலிருந்து கனடாவுக்கு, கனடாவிலிருந்து லண்டனுக்கு, செத்த அம்மாவுக்குக் கேக் விற்கப் பார்த்த பேக்கரிக்காரன் என்று கதை ஓடியது. ஓடரில் 'சிறப்புக் குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேனே, பூ வேண்டும், சிவப்பு எழுத்து வேண்டும் என்று எழுத. அதில் புதிதாக எழுதினார்கள்: 'கேக் வேறு பேக்கரியில் எடுக்கவும்.' அந்தத் துண்டை அச்சடித்து உன் கையில் தந்தவன் நான். நீ வாசித்தாய், மடித்துப் பையில் வைத்தாய், வேறு பேக்கரிக்குப் போய் அவனுடைய கேக்கை வாங்கி உன் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போனாய். ஒருமுறை, "அவன்ட ஐசிங் சீனி கூட" என்றாய்.

இன்னொன்றும் செய்தேன். முறைப்பாட்டு அட்டவணையில் அந்த மகனின் முறைப்பாட்டைப் பதிந்தேன். 'பிழை யாருடையது' என்ற கட்டத்தில் உன் பெயரை அடித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் வடிவில்லை என்று நினைத்திருப்பேன். அன்றிரவே உன் தாளை எடுத்துப் புள்ளிகளையெல்லாம் ஏற்றினேன். அதற்குத் தேவைப்பட்டது ஒரு மணித்தியாலம்.

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன அந்த ஆண்டில், பழுகாமத்திலிருந்து, கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குக் கலியாணம் முடித்துப் போன ஒருவருடைய அக்கா கனடாவிலிருந்து எழுதினா. தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆனால் அவருடைய பிறந்தநாள் நினைவூட்டலை நிறுத்தவேண்டாம் என்று. வாசகத்தை அதற்குள் மாற்றிவிட்டேன். இப்போது அதில் பெயரும் திகதியும் மட்டும்தான். நிலை என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று உன்னைக் கேட்டேன். இருக்கிறார், இல்லை என்று இரண்டே சொல்தான் அதற்குத் தெரியும்.

"இல்ல எண்டு போடாத. நமக்கென்ன தெரியும்? வெறுமையா விடு."

வெறுமைக்கு டேட்டாபேஸில் தனியிடம் உண்டு. அது பூச்சியமில்லை, இல்லை என்பதுமில்லை, தெரியாது என்பது. பெரிய விளக்கமாக அதைச் சொல்லத் தொடங்கினேன். நீ எழும்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாய்.

"இந்தமுறை ஏத்திப்போட்டு ஏத்திட்டன் எண்டு சொல்லு மச்சான்."

அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலுமில்லை, வெறும் ஞாபகப்படுத்தல், ஏழு நாள் முன்பு வருகிற மாதிரி. சேர்வர் கதையை நீ ஒருநாளும் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மாறாக உன் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு பகிடி விட்டேன். நீயும் சிரித்தாய். நாலைந்து வருடத்தில் உன் நெஞ்சு நோவு உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தேன். உன் மனைவிக்குச் சொல்லவேண்டும் என்றுதான் பிறகொரு நாளும் வந்தேன். "உங்களப்பத்தி அவர் ஒரு குறையும் சொன்னதில்ல" என்றா. சொல்ல வந்ததைச் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

கடை போய்விட்டது. ஆனால் கம்பியூட்டர் மாற்றும்போதெல்லாம் அந்த அட்டவணைகளை நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். லாச்சியில் உன் தாளும் இருக்கிறது. பென்சில் புள்ளிகள் மங்கவில்லை.

நேற்று கேக்கை வெட்டாமல் மூடிவைத்துவிட்டுப் போய்க் கம்பியூட்டரைத் திறந்தேன். முறைப்பாட்டு அட்டவணை. பிழை யாருடையது என்ற கட்டத்தில் உன் பெயரை அழித்து என் பெயரை அடித்தேன். பக்கத்தில் 'திருத்திய திகதி' நேற்றைய திகதியைத் தானே போட்டுக்கொண்டது. ஒருவரும் கள்ளம் செய்யக்கூடாதென்று நான் எழுதிய விதி. அதை மீறத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். தொடவில்லை. இத்தனை வருடம் பிந்தியதும் பதிவில் இருக்கட்டும்.

பிறகு அந்த மகனின் மின்னஞ்சல் முகவரியை எடுத்தேன். பகிடியில்லாமல் எழுதினேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பேக்கரிக்காரன் பெயரைத் தந்தான், புள்ளி வைத்தே தந்தான், நான்தான் ஏற்றவில்லை என்று. உன் மனைவிக்கும் இன்று காலை நேரில் போய்ச் சொன்னேன். அவ தேத்தண்ணி தரவில்லை. அதுதான் சரி. சுவிஸிலிருந்து பதில் இன்னும் இல்லை. கட்டம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஏத்திட்டன் மச்சான். இந்தமுறை ஏத்திப்போட்டுத்தான் சொல்லுறன்.