டோல்கேட்டில் அடித்த விசில்

செகந்திராபாத்
24.7.2016

அன்புள்ள ஜெஸ்வின் அப்பாவுக்கு,

மாதா கருணையில நான் சொகமா இருக்கேன். உங்க முட்டிவலியும் ஜெஸ்வின் சளியும் எப்படி இருக்குன்னு எழுதுங்க. போன்ல கேட்டா பேச்சை மாத்துவீங்கன்னுதான் இந்தக் கடுதாசி.

வருஷா வருஷம் உங்க இன்கம்டாக்ஸ் ரிட்டர்னோட என்னோடதையும் நீங்கதான் திண்டிவனத்துல பிரவுசிங் சென்டர்ல போடுவீங்க. இந்த வாட்டி கூட வேலை பாக்கிற நர்ஸோட லேப்டாப்ல நானே போட்டேன். கடைசியில ஓடிபி உங்க போனுக்குப் போச்சு. என் கணக்குல உங்க நம்பர் எதுக்கு? என்னைக் காவல் காக்கவா?

போன் பண்ணா ரொம்ப நேரம் எடுக்கல. அப்புறம், "விக்கிரவாண்டி டோல்கேட்ல நின்னுக்கினு இருக்கேன்"னு சொல்லிட்டு ஓடிபியைப் படிச்சீங்க. லாரி சத்தமே இல்ல, குக்கர் விசில் அடிச்சுது. அது யாரு வீட்டு குக்கரு? நம்ம வீட்டு குக்கர் விசிலே அடிக்காது, கேஸ்கட் போயி புஸ்ஸுன்னு காத்துதான் வரும். புதுசா மாத்திட்டேன்னு சொல்லுவீங்க. பில்லை அனுப்புங்க.

மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல, ரிட்டர்ன் போயிடுச்சு. இங்க விக்கிற வேர்க்கடலையை வாயில வைக்க முடியல, நம்மூரு மல்லாட்டை கொஞ்சம் வறுத்து அனுப்புங்க.

அந்த ரிட்டர்ன்ல எங்கப்பா பேரு இருக்கு, உங்க பேரு எங்கயும் இல்ல. உங்களுதுன்னு இருக்கிறது அந்த போன் நம்பர் ஒண்ணுதான். மாத்தப் போனேன், மனசு வரல.

கேஸ்கட் மாத்தலேன்னா இனிமே மாத்தாதீங்க. அடுத்த வாட்டி நீங்க ஓடிபி சொல்றப்ப, பின்னாடி நம்ம வீட்டு குக்கரோட அந்தப் புஸ்ஸு சத்தம் எனக்குக் கேக்கணும்.

டூட்டிக்கு நேரமாச்சு.

இருதயசெல்வி