ஹோல்ட் என்றால் பிடி என்று நினைத்தேன்

டப்ளின், செவ்வாய்

அன்புள்ள ஹைபிங்குக்கு யுலான் எழுதுவது. நீங்கள் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

பயப்படாமல் படியுங்கள். நேற்றுக் காலை என் வார்டில் ஒரு முதியவருக்கு இன்சுலின் போட ஊசியில் மருந்தை ஏற்றியிருந்தேன். டாக்டர் வாசலில் நின்றபடியே, "யுலான், இன்சுலினை ஹோல்ட் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹோல்ட் என்றால் கையில் பிடி என்றுதானே பள்ளியில் படித்தோம்? அவர் திரும்பி வருவார் என்று ஊசியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.

முதியவரின் மகள் பொறுமையிழந்து, "ஏம்மா, சிலை மாதிரி நிக்கிற? போட்டுத் தொலையேன்!" என்றாள். முதியவரோ சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். எனக்கும் போட்டுவிடலாம் என்றே தோன்றியது. ஊசிமுனை தோலருகே போனபோது மனம் கேட்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைத் தேடி ஓடினேன்.

"டாக்டர், இன்சுலின் போடவா, வேண்டாமா?"

"வேண்டாம்னுதானே சொன்னேன்! சர்க்கரை ஏற்கெனவே இறங்கிக் கிடக்கு. போட்டிருந்தா மனுஷன் பிழைச்சிருக்க மாட்டார்."

ஹோல்ட் என்ற சொல்லுக்கு 'கொடுக்காமல் நிறுத்து' என்றும் பொருளாம். முதியவர் இன்று கஞ்சி குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குத்தான் இன்னும் சாப்பாடு இறங்கவில்லை.

மிளகாய் விழுது இரண்டு புட்டி அனுப்புங்கள். உங்கள் தலையணை உறை ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

பேருந்து வந்துவிட்டது.

யுலான்