பிராக்கெட் பெயர் போட்ட சட்டை

டுலூத், அக்டோபர்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நீங்கள் கொண்டாடும் பிராக்கெட்டை, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் அந்தக் குவார்ட்டர்பேக்கை, அவருடைய முப்பத்தெட்டு வயதில் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வாங்கப்போகிறது. பதிலுக்கு அவருடைய அணிக்கு, இரண்டு ஆண்டுகளுக்குக் கல்லூரி வீரர்களை முதல் சுற்றில் எடுக்கும் வாய்ப்பையே கொடுக்கிறோம். அடியிலிருந்து கட்டவேண்டிய அணி இது. கூட்டத்தில் எதிர்த்தவள், அணிக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் நான் மட்டுமே.

“புரொபசரம்மா, நீங்க ஒரு பந்தாவது வீசியிருக்கீங்களா?” என்றார் மேலாளர் ஹாலோரன். எல்லோரும் சிரித்தார்கள்.

“இல்ல. ஆனா அவருக்குக் காவலா நிக்கிற அஞ்சு பேரும் எதிரணிக்குக் கதவத் தொறந்துல்ல விடுறாங்க? மூணே ஆட்டத்துல அவர ஸ்ட்ரெச்சர்லதான் தூக்குவீங்க.”

“அப்ப வேற வேலை தேடிக்குங்க.”

பயப்படாதீர்கள், கோபத்தில் சொன்னதுதான். மதியம் சாப்பிட என் மேசைக்கு இப்போது யாரும் வருவதில்லை. அம்மாவின் பீட்ரூட் ஊறுகாய் ஒரு புட்டி அனுப்புங்கள்.

எங்கள் அணிச் சட்டையில் பிராக்கெட் பெயர் போட்டு வாங்கிவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்குள் அவர் ஆடுவதை நிறுத்தியிருப்பார். நானும் அநேகமாக வேலை போய் உங்களோடு இருப்பேன்.

அவசரத்தில்,
ஹெய்டி