இரண்டு டம்ளர்கள்

அன்பு மருமகளுக்கு,

நேரில் சொல்ல நா எழாததால் எழுதத் துணிந்தேன், பொறுத்தருள வேண்டும். சீட்டு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

நேற்று பல் மருத்துவரிடமிருந்து திரும்பியதும் நீ கழற்றிய உதட்டுத் தோடு, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் கிடந்தது. தண்ணீரோடு போய்விடக் கூடாதென்று அங்கேயே வலது டம்ளரில் போட்டிருக்கிறேன், ஒளித்து வைக்கவில்லை. மீண்டும் அணிவதும் விடுவதும் உன் விருப்பம். அதன் உள்தட்டு உரசி உரசித்தான் ஈறு இறங்கியதாம். இறங்கியது தானாக ஏறாது, ஆனால் உரசல் நின்றால் பல் நிலைக்கும் என்று மருத்துவர் சொன்னதாக மகன் சொன்னான். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் "வாயில என்னம்மா ஆணி?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. "உங்க வாயில இருக்கிறது மட்டும் கூடவே பிறந்ததா மாமா?" என்று நீ திருப்பிக் கேட்டது முற்றிலும் நியாயம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பல்செட் கழன்று விழுந்துவிடுமோ என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அதை நீ கோபமென்று எண்ணிவிட்டாய் போலும்.

காரமில்லாத சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது, ஆறியபின் சாப்பிடவும். நான் நூலகம் வரை போகிறேன். நீ வெளியே கிளம்பினால் சாவியைத் தயவுசெய்து மீட்டர் பெட்டிக்குள் வைக்கவும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: இடது டம்ளரில் இருப்பது என் பழைய பல்செட். அவசரத்தில் மாற்றிக் கையை விட்டு அலற வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஈறைக் கவனிக்காமல் இந்த வீட்டில் இதுவரை போனவை: எனக்கு, எல்லாப் பல்லும். உனக்கு, அரிசியளவு ஈறு.