குரல் தங்கிய வீடு

ஜூன் 9

என் வாயாடிக்கு,

உன் அக்கா வீட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ கிளம்பிப் போய் ஆறு மாதம் ஆகிறது. இப்போதுதான் முதல் கடிதமா என்று சொல்லிக்காட்டுவாய். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு எழுத்து எங்கே வரும்?

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். ஆனால் விஷயம் இதுவல்ல. போன மாதம் ஒரு நாள் மழையில் நனைந்து வீட்டுக்குள் கால் வைத்தேன். "குடைய வெளியவே உதறிட்டு வாங்களேன்" என்று உன் குரல் கேட்டது, சமையலறையிலிருந்து. போய்ப் பார்த்தால் ஆளில்லை. ரேடியோவும் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "அடுப்ப அணைச்சீங்களா?" என்றது. பார்த்தேன். அணைக்கவில்லை.

இப்போது தினமும் கேட்கிறது. உனக்கு ஒன்றும் இல்லையே? தனியாக இருப்பவனுக்குக் கண்டதும் தோன்றுகிறது. இரண்டு வரி எழுதிப் போடு.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 15

வீட்டுக்காரருக்கு,

கேலி செய்கிறீர்களோ என்று முதலில் கோபம் வந்தது. கேலி செய்யவாவது நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று அப்புறம் சமாதானமானேன்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். குரல்தான் போய்விட்டது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். அதே போன மாதம்தான். காலையில் எழுந்து அக்காவைக் கூப்பிட்டால் வெறும் காற்று வந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, பேச வேண்டியதுதானே" என்கிறார், நான் என்னவோ அடம்பிடிக்கிற மாதிரி.

அங்கே பார்த்த அறிவிப்பாளர் வேலையே இங்கேயும் பஸ் நிலையத்தில் கிடைத்திருந்தது. இப்போது என்னைப் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்கள் அறையில் போட்டிருக்கிறார்கள். பைகளும் குடைகளும்தான் துணை. கழுத்தில் ஒரு சிலேட்டு. வாய் போனால் காதும் போய்விடும் என்று யார் சொன்னார்களோ, அக்கா என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறாள்.

அது என்னவெல்லாம் பேசுகிறது? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

நான்


ஜூன் 22

என் வாயாடிக்கு,

கேலி இல்லை. தையல்காரரும் கேட்டார். தைத்த பேண்ட்டைக் கொடுக்க வந்தவர் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு, "வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு" என்று வாசலோடு திரும்பிவிட்டார். நான் திருத்தவில்லை.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்கிறது. காலர் கிழிந்திருக்கிறது என்கிறது. "இன்னிக்கு என்னாச்சு?" என்று கேட்கிறது. நானும் சொல்கிறேன். முந்தாநாள் துணிக்கடை லிஃப்டில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். நான் மேலே நின்று சரிசெய்கிற வரைக்கும் உள்ளேயிருந்து, "மெதுவாப் பாருப்பா, வீட்ல யாரும் காத்துக்கிட்டு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைச் சொன்னேன். அப்புறம், "அவர வீடு வரைக்கும் கொண்டு விட்டீங்களா?" என்றது. நான் விடவில்லை. மறுநாள் விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வேலை முடிந்தால் இப்போதெல்லாம் நேரே வீடுதான். பேச்சுக்கு ஆளிருக்கிறது. அது உன்னுடையது, வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 28

வீட்டுக்காரருக்கு,

பெரியவர் கதையைப் படித்து அழுதேன். அவருக்காக இல்லை. "இன்னிக்கு என்னாச்சு?" என்று நானும்தான் தினமும் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்பீர்கள். அத்தனை வருஷத்தில் உங்கள் லிஃப்டில் ஒருத்தர்கூடவா மாட்டவில்லை?

ஆளை அனுப்பிவிட்டுக் குரலோடு குடித்தனம் நடத்துகிறீர்கள். என் குரல் மேலேயே எனக்குப் பொறாமை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வியாழக்கிழமை மதியம் வருகிறேன். நீங்கள் வேலைக்குப் போய்விடுங்கள். சாவி தையல்காரரிடம் இருக்கட்டும். உங்களை நேரில் பார்த்தால் சண்டை வரும். சிலேட்டில் எழுதிக் காட்டிச் சண்டை போட முடியாது.

நான்


ஜூலை 5

வீட்டுக்காரருக்கு,

வந்தேன். கதவைத் திறந்ததும், "வந்துட்டீங்களா, என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்றது. நான் வாயைத் திறந்தேன், காற்றுதான். நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு என்னாச்சு?" நான் எங்கே பதில் சொல்வது? "உடம்பு சரியில்லையா? வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்." அதற்கும் நான் பேசாமல் இருக்க, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்றது.

அதே இடத்தில் நின்று அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று இதுவரை தெரியாது. என்னால் தாங்க முடியவில்லை. அதை எடுத்து வர எனக்கு வழியும் தெரியவில்லை, மனசும் வரவில்லை. உங்களிடமே இருக்கட்டும் என்று பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் நடத்துநர், "எங்கம்மா போகணும்?" என்றார். சிலேட்டை எடுப்பதற்குள் என் வாய் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டது, கணீரென்று. முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குரல் திரும்பி வந்து முதலில் சொன்னது இந்த ஊரின் பெயர். நான் சொல்ல வைக்கவில்லை, நம்புங்கள். மறுநாளே மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான்


ஜூலை 13

என் வாயாடிக்கு,

வியாழக்கிழமை கதவைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே குடையை உள்ளே கொண்டுவந்து உதறினேன். தரைதான் நனைந்தது.

இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். என் குரல் இந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவன் குரல் மாதிரி இருந்தது.

நேற்று உன் பஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். விசாரணை ஆள் எடுத்தார். பின்னால் நீ ஏதோ வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தாய். "என்ன வேணும் சார்?" என்றார். ஒண்ணுமில்ல என்று சொல்ல வந்தவன், "ஞாயித்துக்கிழமை இங்கேர்ந்து பஸ் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். உண்டாம்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். உன்னைக் கையோடு கூட்டிவர இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் பேசுவேன். சொல்ல நிறையச் சேர்ந்திருக்கிறது.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 22

வீட்டுக்காரருக்கு,

மாடிக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலை வண்டியில் இறங்கினீர்கள். மடிப்புக் கலையாத சட்டை. மெலிந்திருக்கிறீர்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, நான் வரும் நேரம் பார்த்து இடம் போய்விடும் என்று பயந்தீர்களோ என்னவோ. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் பேசினீர்கள். குழந்தையோடு வந்த ஒரு பெண் நீங்கள் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மைக்கை மூடிவிட்டு இரண்டு தடவை கதவு வரைக்கும் வந்தேன். இறங்கி வந்தால் நீங்கள் பேசுவீர்கள். நான் கேட்பேன். அன்றைக்கே உங்களோடு வண்டி ஏறிவிடுவேன். கொஞ்ச நாள் நன்றாகவும் இருக்கும். அப்புறம் ஒரு சாயங்காலம், "ஒண்ணுமில்ல" என்பீர்கள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்திருந்தால் இறங்கி வந்திருப்பேன்.

உங்கள் வண்டியை அறிவித்தேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. இங்கே ஒரு வண்டியை ஒரு தடவைதான் அறிவிப்பது வழக்கம். மறுபடியும் அறிவித்தேன். அப்போதுதான் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தீர்கள். எதிரே யாரோ நின்று சொன்ன மாதிரி, "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய் ஏறினீர்கள்.

வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தேன். அப்புறம் அடுத்த வண்டியை அறிவித்தேன். குரல் பிசகவில்லை.

நான்