சந்துக் குழாயையும் ரோஜாத் தோட்டத்தையும் ஒரே கட்டணத்தில் சேர்க்க வேண்டாம்

அனுப்புநர்:
த. ஏகாம்பரம்,
ஏலக் கடையில் விலை கூவுபவர்,
எல்லையம்மன் கோயில் சந்து (சந்துவாசிகள் அனைவருக்காகவும்),
ஸ்ரீராம்புரம், பெங்களூர்.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
குடிநீர் விநியோக அலுவலகம்,
பெங்களூர்.

பொருள்: எங்கள் சந்துக்கும் மேட்டு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரே தண்ணீர்க் கட்டணம் விதிப்பதை நிறுத்தவும், சந்து முனைத் தெருக்குழாயைக் கழற்றாமல் விடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சந்தின் புகழ் தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எட்டவில்லையென்றால் அது தங்கள் குறையல்ல, சந்து அவ்வளவு குறுகல். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துதான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். நுழைந்தவரைக் காபி கொடுக்காமல் வெளியே விடுவதில்லை. இதனால் ஒரு முனையில் புறப்பட்டவர் மறுமுனை சேர அரை நாள் ஆவதுண்டு. அத்தகைய சந்தின் சார்பில், கால் உடைந்த நாற்காலிகளைச் சிம்மாசனமென்று கூவி விற்றுப் பழகிய இந்தக் குரல் இன்று தங்கள் முன் அடக்கமாக நிற்கிறது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பின்பே தமிழில் எழுதுகிறேன். ஆபீஸ் பைலுக்காக, சைக்கிள் கடை கிருஷ்ணப்பா எழுதித் தந்த கன்னடப் பிரதி இத்துடன் இருக்கிறது. வர்ணனைகளையெல்லாம் அவர் எடுத்துவிட்டபடியால் அது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அவசரமானால் தாங்கள் அதையே படிக்கலாம். ஆனால் அதில் ருசி இராது.

2. விஷயம் இதுதான். வரும் மே மாதம் முதல் எங்கள் சந்தும், ரயில் பாதைக்கு அப்பால் மேட்டில் இருக்கும் எக்ஸ்டென்ஷனும் ஒரே தண்ணீர் வட்டம் என்று உத்தரவாகியிருக்கிறது. இரண்டு இடத்திலும் செலவாகும் தண்ணீரை ஒன்றாகக் கூட்டி, எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்து, ஒரே கட்டணம் போடப்படுமாம். வேண்டியவர்கள் வீட்டுக்குள் குழாய் இழுத்துக்கொள்ளலாமாம். ஆகையால் நாங்கள் நல்லி என்று சொல்கிற, சந்து முனையிலுள்ள ஒற்றைத் தெருக்குழாய் அநாவசியமென்று முடிவு செய்து, வரும் திங்கட்கிழமை, ஏப்ரல் 27ஆம் தேதி, அதைக் கழற்றச் சொல்லியிருக்கிறது.

3. ஐயா, இரண்டு இடத்திலும் இருப்பதை வீடு என்ற ஒரே சொல்லால் சொல்வதுதான் இந்தக் கஷ்டத்துக்கெல்லாம் மூலம். மேட்டில் ஒரு வீடு என்பது எங்கள் கணக்கில் ஒரு தாலுகா. முன் வாசலில் அழைத்தால் பின்கட்டில் கேட்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அங்கே ரோஜாச் செடிகள் காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல் போடுகின்றன; மோட்டார் காரும் வாரம் தவறாமல் எண்ணெய் ஸ்நானம் இல்லாத குறையாகக் குளிக்கிறது. எங்கள் வீடு ஓர் அறை. அந்த அறையில் குழாய் போட வேண்டுமானால் வீட்டுக்காரர் வெளியே நிற்க வேண்டும். மில்லுக்குப் போகிறவர், தெருக் கூட்டப் போகிறவர், கீரைக் கூடை சுமக்கிறவர் ஆகிய எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுக் குழாய் இழுக்க இடமும் இல்லை, வசதியும் இல்லை. நல்லி போனால் தண்ணீர் போயிற்று. கட்டணம் மட்டும் வீடு தேடி வரும்.

4. அந்த நல்லியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். குழாய் சர்க்கார் குழாய். ஆனால் பள்ளம் எங்கள் பள்ளம். பள்ளம் தோண்ட ஆளில்லை என்று முன்பு தங்கள் அலுவலகத்தில் கையை விரித்தபோது, பெரிய சாலையிலிருந்து சந்து முனை வரை நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் தோண்டினோம். வழியில் ஒரு பாறை குறுக்கிட்டது. அதன் அடிப்பாகம் ஆனேக்கல் வரை போகிறதென்பது என் திடமான நம்பிக்கை. அதையும் உடைத்தோம். நானும் ஒரு நாள் கடப்பாரை பிடித்தேன். மறுநாள் முதல் கூவி உற்சாகப்படுத்தும் வேலையை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த நல்லியடியில் இன்று வரை ஒரு சண்டை போலீஸ் வரை போனதில்லை. காரணம் சின்னத்தாயி. கீரை விற்கிறவர், யாரும் நியமிக்காமல் அதிகாரியானவர். மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். எந்தக் குடம் யாருடையது என்பது அவருக்கு நெளிவைப் பார்த்தாலே தெரியும். பிள்ளை பிறந்த வீட்டுக் குடமும் சாவு விழுந்த வீட்டுக் குடமும் வரிசையில் முதலில் போகும், கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஈடான ராஜாங்கம் டில்லியில்கூட இல்லை என்று நான் எங்கு வேண்டுமானாலும் கூவத் தயார்.

5. இரண்டு இடத்துச் செலவும் சமம் என்ற எண்ணம் தங்கள் அலுவலகத்துக்கு எப்படி வந்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும். பங்குனியில் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். தங்கமான மனிதர், அவர் மேல் எங்களுக்குப் புகார் இல்லை. பெரிய மனிதர் வரும் வழியில் காலிக் குடம் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் சட்டம். வருகிறவர் சம்பந்தியானாலும் ஜப்தி செய்ய வந்தவரானாலும் நிறைகுடம்தான் எதிரே இருக்க வேண்டும். அதிகாரி வரும் செய்தி முதல் நாளே தெரிந்ததும் சின்னத்தாயி உத்தரவு போட்டுவிட்டார். இருந்த குடங்கள் போதவில்லை. ஆஸ்டின் டவுன் உறவுக்காரர்களிடம் இரவல் வாங்கினோம். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து யானை குளிக்கும் அளவுக்கு அண்டாக்கள் வந்தன. வாடகைக்குச் சிபாரிசு நான். விடிவதற்குள் எல்லாவற்றிலும் தளும்பத் தளும்ப நிரப்பி, மஞ்சள் பூசி, மாவிலை செருகி, சந்தின் இரு பக்கமும் வைத்தோம். அதிகாரி நடுவே நடந்து வந்தபோது சாமி புறப்பாடு போலவே இருந்தது. எலுமிச்சம்பழம் கொடுத்தோம். அவரும் மிகவும் சந்தோஷப்பட்டார்.

சந்தோஷத்தோடு போய், இவர்களிடம் தேவைக்கு மேல் தண்ணீர் இருக்கிறது என்று எழுதிவிட்டார்.

அங்கிருந்து அவர் மேட்டுக்குப் போனார். நாங்கள் அண்டா நிரப்பிய வேகத்தில் மேட்டுக்கு ஏற வேண்டிய தண்ணீர் ஏறவில்லை. அங்கே தொட்டிகள் வறண்டு கிடந்தன. ஆக, தங்கள் அலுவலக ரிப்போர்ட்டின்படி தண்ணீரில் புரளும் கோடீஸ்வரர்கள் நாங்கள்; தொண்டை காய்ந்த ஏழைகள் எக்ஸ்டென்ஷன்காரர்கள். என் ஏல வாழ்க்கையில் ஒரு பொருளுக்கு இவ்வளவு உயர்ந்த மதிப்பை நான்கூட ஏற்றியதில்லை. அன்று கண்ட தண்ணீர் நாங்கள் செலவழிக்கும் தண்ணீர் அல்ல. தங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் செய்த மரியாதை. மரியாதையைச் செலவில் சேர்த்துக் கட்டணம் போடுவது முறையல்ல.

6. அக்கம்பக்கத்துக்குத் தண்ணீர் தர மனமில்லாமல் எதிர்க்கிறோம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. போன கோடையில் மேட்டுக் குழாய்கள் ஒரு சொட்டும் விடாதபோது, அந்த வீட்டு வேலைக்காரர்கள் ரயில் பாதையைத் தாண்டி எங்கள் நல்லிக்குத்தான் வந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் அவர்கள் குடங்களைச் சின்னத்தாயி முன்னே நகர்த்திவைத்தார். பளபளக்கும் பித்தளைத் தவலைகள் முன்னே போக, எங்கள் நெளிந்த குடங்கள் பின்னே நின்றன. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் முணுமுணுத்தேன், அதற்காக என் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். கொடுப்பது எங்கள் பழக்கம், ஐயா. ஆனால் உத்தரவு போட்டு எங்களிடமிருந்து எடுத்து அடுத்தவர் ரோஜாவுக்கு ஊற்றினால், அதைக் கொடுத்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெருமையும் சேர்ந்தே போய்விடும்.

7. எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டுமல்லவா? மேட்டு எக்ஸ்டென்ஷன் சங்கத் தலைவரும், பழைய மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருமான சீனிவாசராகவன் அவர்களை நான் நேரில் போய்ப் பார்த்தேன். வேஷ்டியைப் புதிதாக வெளுத்துக் கட்டிக்கொண்டுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கோபமாகக் கேட்டார்: “உங்க தண்ணிக்கு நாங்க எதுக்குய்யா பணம் கட்டணும்?” நான், “அதையே கேக்கத்தான் சாமி நானும் மேடேறி வந்தேன். உங்க ரோஜாவுக்கு நாங்க எதுக்குக் கட்டணும்?” என்றேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்காரச் சொன்னார். எங்கள் தெருக்குழாய்ச் செலவு தம் தலையில் விழுகிறதென்று அவர்களும், அவர்கள் தோட்டச் செலவு எங்கள் தலையில் விழுகிறதென்று நாங்களும் ஒரே சமயத்தில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறோம். ரயில் பாதை போட்ட நாள் முதல் அதன் இரு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுவே முதல் தடவை. இரு தரப்பும் சேர்வதற்காகத் தாங்கள் போட்ட உத்தரவு, அதை எதிர்ப்பதற்காகவாவது எங்களைச் சேர்த்துவைத்தது. அந்தப் புண்ணியம் தங்களுடையது. அவரும் இம்மனுவில் கையொப்பமிட்டிருக்கிறார். தம் பேனாவால்தான் போடுவேன் என்றும், கோரிக்கைக்கு மட்டுமே தாம் பொறுப்பு என்றும் சொன்னார். போன கோடைத் தண்ணீரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவராகவே, “அந்தம்மா சௌக்கியமா, அந்தக் கீரைக்காரம்மா?” என்று கேட்டார்.

8. கடைசியாக ஒன்று. இதில் எனக்கு வர்ணிக்க வரவில்லை, உள்ளபடி எழுதுகிறேன்.

நல்லியைக் கழற்றும் ஆர்டர் தங்கள் அலுவலகத்தில் குழாய் மாட்டும் பிட்டர் ஆம்ப்ரோஸ் பெயருக்கு வந்திருக்கிறது. அவர் எங்கள் சந்துக்காரர். என் வீட்டுக்கு எதிர் வீடு. நல்லியை மாட்டியவரும் அவரே. இந்த வருஷம்தான் அவருக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சந்துக் கூட்டம் நடந்தது. குழாயடியில் குறுக்கே படுத்துவிடுவது என்று சிலர் சொன்னார்கள். முதலில் படுக்கிறவன் நானே என்று நானும் முழங்கினேன். ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்தபடி சுவரோரம் நின்றிருந்தார்.

சின்னத்தாயி எழுந்து எங்களைப் பார்த்து, “படுக்கிறவங்க எல்லாம் அவங்கவங்க வூட்ல போய்ப் படுங்க. அந்தப் புள்ள வேலைல மண்ணப் போட்டுட்டு எனக்கு ஒரு கொடம் தண்ணி வேணாம்” என்றார். பிறகு ஆம்ப்ரோஸிடம் சொன்னார்: “நீயே கழட்டுடா. வேற எவனாச்சும் வந்தா சுத்தியால அடிச்சு மரையக் கெடுத்துடுவான். நீ பதவிசா கழட்டுவே. மறுபடி மாட்டறதுக்கு ஒதவும்.”

கூட்டம் அத்தோடு கலைந்தது. அதுவே சந்தின் தீர்மானம். திங்கட்கிழமை அவர் ஸ்பானரோடு வரும்போது நாங்கள் ஒருவரும் தடுக்க மாட்டோம். குறுக்கே படுக்க மாட்டோம், கூச்சல் போட மாட்டோம். வெயிலில் வேலை செய்கிறவருக்கு எப்போதும் கொடுக்கிற மோரைக் கொடுப்போம். அவரும் வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கும். அந்தக் காலைப் பொழுதை அவருக்கும் எங்களுக்கும் வராமல் தடுக்கத் தங்கள் ஒரு கையொப்பம் போதும்.

9. ஆகவே, எங்கள் சந்தை மேட்டு எக்ஸ்டென்ஷனோடு சேர்த்த கட்டண உத்தரவைத் தாங்கள் ரத்துசெய்து, அவரவர் செலவுக்கு அவரவர் என்று தனித்தனியே விதிக்க வேண்டுகிறோம். எங்கள் பங்கு எதுவோ அதை ஒரு நாளும் தவறாமல் கட்டுவோம், சலுகை கேட்கவில்லை. மறு கணக்கெடுக்க யாரை அனுப்பினாலும் முன்னறிவிப்பில்லாமல் அனுப்பவும். அறிவித்தால் நாங்கள் மரியாதை செய்யாமல் இருக்க மாட்டோம். நல்லியைக் கழற்றும் ஆர்டரைச் சனிக்கிழமைக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று, கூவாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் பதிலுக்கு முன் வேறெதையும் செய்வதில்லை என்று வாக்களிக்கும்,

த. ஏகாம்பரம்
(சந்து முழுவதற்கும் சித்தப்பா)

சின்னத்தாயி, இடது பெருவிரல் ரேகை

சீனிவாசராகவன், மேட்டு எக்ஸ்டென்ஷன்
(கோரிக்கைக்கு மட்டும், யானை, பாறை முதலியவற்றுக்கு அல்ல)

மற்றும் சந்துவாசிகளின் கையொப்பங்களும் ரேகைகளும் பின்பக்கத்தில்.

இடம்: ஸ்ரீராம்புரம், பெங்களூர்
தேதி: 22-4-1959

குறிப்பு: பின்பக்கத்தில் என் எதிர் வீட்டுக்காரர் பெயர் இராது. ஆம்ப்ரோஸிடம் நாங்கள் கையொப்பம் கேட்கவில்லை. அவர் தங்கள் சிப்பந்தி.